நாலரை மணிச் சிவப்பு

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது மிகச் சிறியது, சீக்கிரம் முடிந்துவிடும். அந்தப் பதிவில் நான் யாருடைய பெயரையும் போடவில்லை. நியாயம் முடிந்தது. இனி நடந்தது.

குருநகரில் எங்கள் வீட்டுக்கும் றொசாந்தி அக்கா வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகர வேலி மட்டும். அக்காவுக்கு முப்பத்தொரு வயது. வள்ளம் திருத்துகிற யார்ட் ஒன்றில் ஆறு வருடமாகப் பெயின்ற் அடிக்கிறார். அங்கே ஆண்கள் வள்ளத்தின் மேற்பக்கத்துக்கு நீலமும் மஞ்சளும் அடித்து, மாதாவின் பெயரை எழுதி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அக்காவுக்குக் கொடுத்தது அடிப்பக்கம். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் சிப்பியைச் சுரண்டிவிட்டு ஒரு கடும் சிவப்பு அடிக்க வேண்டும். சுட்ட சட்டிக்கும் காய்ந்த இரத்தத்துக்கும் நடுவில் ஒரு சிவப்பு. அடித்து முடிந்ததும் வள்ளத்தை நிமிர்த்திக் கடலில் தள்ளுவார்கள். அதோடு சரி.

"இந்த நிறத்தை ஒருத்தரும் காணுறேல்லையடா லெனாட். மீன்தான் காணுது," என்று ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னார்.

அக்காவிடம் ஒரு திட்டம் இருந்தது. யார்ட்டை விட்டுவிட்டு, வீடுகளுக்கு உள்ளே பெயின்ற் அடிக்கப் போவது. "ஆம்பிளையள் வந்து அறைக்குள்ளை கட்டிலைத் தள்ளி, அலுமாரியைத் தள்ளி நிண்டு அடிக்கிறது வீட்டுப் பொம்பிளையளுக்கு எவ்வளவு அந்தரம் தெரியுமோ? நான் போனால் அவையள் பாட்டுக்குச் சமைச்சுக்கொண்டு இருப்பினம்." இதில் தவறு கண்டுபிடிக்க நான் முயன்றேன். எதைக் கேட்டாலும் தவறு கண்டுபிடிக்க முயல்வது என் வழக்கம். கிடைக்கவில்லை.

முதல் ஆளும் கிடைத்துவிட்டார். சோனகத்தெருவில் பஸ்லியா அக்கா. தொண்ணூறில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து, இடிந்து கிடந்த வீட்டைக் கட்டி முடித்து, மகளின் கலியாணத்துக்கு முன் உள்ளறைகளுக்குப் பெயின்ற் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு அறை அடித்துக் காட்டும்படி கேட்டிருந்தார். இந்த வேலை வந்தால் அக்கா யார்ட்டை விடலாம். வராவிட்டால் வள்ளத்தின் அடிப்பக்கம்தான், சாகும்வரை.

காட்டுவதற்குத் தன் வீட்டு முன்னறையையே அக்கா அடித்தார். யார்ட்டில் உரிந்து விழுந்த சிவப்புப் பொருக்கு ஒன்றைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு பெயின்ற் கடைக்குப் போனார். கடையின் கம்பியூட்டர் அதைப் பார்த்து, அதே நிறத்தைச் சுவர்ப் பெயின்றில் கலந்து, டெரக்கோட்டா என்று பெயரும் வைத்துக் கொடுத்தது.

"உன்ரை போனிலைதான் படம் நல்லா விழும். வந்து நாலு படம் எடுத்துத் தா. பஸ்லியா அக்காவுக்கு அனுப்ப வேணும்," என்றார்.

நான் போனபோது பின்னேரம் நாலரை மணி. மேற்கு ஜன்னலால் வெயில் வந்து சுவரில் விழுந்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் இனிமேல் சொல்ல மாட்டேன். வாசலில் நின்றுவிட்டேன். சுவர் உள்ளிருந்து சூடாக இருப்பதுபோல் இருந்தது. எங்கும் ஒரு பிறஸ் கோடு இல்லை. அந்த அறையில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரைகூட ஏதோ வம்சத்தில் பிறந்த கதிரை போல் தெரிந்தது.

"எப்பிடி இருக்கு?"

"அருமை அக்கா."

அது உண்மை. ஆனால் நான் எதையும் முகத்தை அசைக்காமல் சொல்கிறவன். என் உண்மைக்கும் பகிடிக்கும் ஒரே முகம்தான். அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நான் நாலு படம் எடுத்தேன். பிறகு என் கை, யாரும் சொல்லாமல், சுவரில் இருந்த சுவிச்சைத் தட்டியது. ரியூப் லைற் எரிந்தது. ஜன்னல் சீலையை இழுத்து மூடினேன். அறை அந்தக் கணமே சந்தையில் கிடக்கும் பாரை மீனின் செவுள் போல் ஆகிவிட்டது. ஐந்தாவது படத்தை எடுத்தேன்.

இப்போது மூக்குப்பேணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நான் நடத்தும் பேஸ்புக் பக்கம். நடத்துவது நான் என்று கம்பஸில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான். கன்ரீன் றோல்ஸ், கலியாண வீட்டு ட்ரோன் கமெரா, விரிவுரையாளர்களின் தொண்டைச் செருமல் போன்ற தேசியப் பிரச்சினைகளைப் பற்றி எழுதுவேன். ஆகக் கூடுதலாக விழுந்தது இருநூற்றுப் பன்னிரண்டு லைக். றோல்ஸுக்கு.

அன்று மாலை எழுதியது இது:

"குருநகரில் ஒரு வீட்டின் உள்ளறைக்குப் புதிதாகப் பெயின்ற் அடிக்கப்பட்டுள்ளது. நிறத்தின் பெயர் டெரக்கோட்டா என்கிறார் கடைக்காரர். மீன் வாங்கத் தெரிந்தவர்கள் செவுள் என்கிறார்கள். வீடு புதிதா பழசா என்று அறிய விரும்புவோர் கதவைத் தூக்கிப் பார்க்கலாம். ஐஸ் போடப்படவில்லை."

மூவாயிரத்து நானூறு லைக்.

முதல் நாள் எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோஷத்தில். இரண்டாம் நாள் என் அம்மா யோசப்பின், குசினியில் மீன் வெட்டிக்கொண்டு, போனை உரலில் சாய்த்து வைத்து, அந்தப் பதிவை எனக்கே வாசித்துக் காட்டினார். 'ஐஸ் போடப்படவில்லை' என்ற இடத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு படத்தை உற்றுப் பார்த்தார்.

"எடேய், இது எங்கடை றொசாந்தியின்ரை வீடெல்லோ?"

"தெரியாதம்மா."

"உந்தக் கதிரை நான் குடுத்த கதிரை. ஆரடா உந்த வேலை பாத்தது? பாவம் அந்தப் பிள்ளை." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார். என் அம்மாவின் இரக்கமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வரும். அது பரம்பரை.

அம்மா கண்டுபிடித்ததை ஊர் கண்டுபிடிக்க அரை நாள் ஆகவில்லை. எங்கள் ஒழுங்கையில் சிவப்பு அறை அது ஒன்றுதான். பின்னேரம் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அக்காவின் வீட்டு ஜன்னலருகே நின்று, ஒரு தடியால் சீலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"செவுள் சிவப்பாத்தான் கிடக்கு மச்சான். நல்ல மீன்."

"மணந்து பார்."

சந்தையில் மீன் விற்கிற முருகேசு அண்ணை, அக்காவைக் கண்டதும் ஒரு விளைமீனின் செவுளைத் தூக்கிப் பிடித்து, "இந்தா பிள்ளை, உன்ரை முன்னறையைத் திறந்து காட்டுறன்," என்றாராம். கெட்ட மனிதர் இல்லை. பகிடி நல்லதாக இருந்தால் நல்ல மனிதர்களும் காவித் திரிவார்கள். எழுதியவனுக்கு அது பெருமை. சொல்லப்பட்டவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் முறை.

மூன்றாம் நாள் நாலரை மணிக்கு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அந்த மேற்கு ஜன்னல் இறுக்கிப் பூட்டியிருந்தது. வெயில் வெளியே மரப்பலகையில் வீணாக விழுந்துகொண்டிருந்தது. சாப்பிடும்போது அந்தப் பலகை கண்ணுக்குள் வந்தது. படிக்கும்போதும் வந்தது, ஆனால் படிப்பதற்குத் தடையாக எது வந்தாலும் நான் வரவேற்பவன், ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பதிவை அழித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். விரல் அந்த இடத்துக்குப் போகும், போகும் வழியில் லைக் எத்தனை என்று பார்க்கும், நாற்பது கூடியிருக்கும், விரல் திரும்பிவிடும்.

புதன்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஏழு மாதத்துக்குப் பிறகு. வலைத்தட்டிக்கு அப்பால் பாதர் இருமினார்.

"சொல்லு மகன்."

"ஒருத்தரைப் பற்றி நக்கலா எழுதிப்போட்டன், பாதர். பேஸ்புக்கிலை."

"எங்கை?"

"மூக்குப்பேணி எண்ட பக்கம்."

 அப்பால் மூக்கால் காற்று வெளியேறுகிற மாதிரி ஒன்று கேட்டது. சிரிப்பை அடக்குகிற மனிதனின் மூக்கு அது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும், அதற்காகத்தானே எழுதுகிறேன்.

"அந்தச் செவுள்... அது நீயோ?"

"ஓம் பாதர்."

"ம்." திரும்பவும் மூக்கு. "அது பிழை மகன். பெரிய பிழை. மூண்டு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு."

மூன்று. மாம்பழம் களவெடுத்ததற்கு ஐந்து தந்தவர். கோவிலை விட்டு வெளியே வரும்போது போனபோது இருந்ததைவிடப் பாரமாக இருந்தது.

வியாழக்கிழமை அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "லெனாட், ஒருக்கா வந்திட்டுப் போ."

கால் இரண்டும் வேறு வேறு திசையில் போக விரும்பின. போகும்போதே போனின் சத்தத்தை நிறுத்தினேன், அதிர்வையும் நிறுத்தினேன். மூக்குப்பேணிக்கு யாராவது செய்தி அனுப்பினால் என் போன் துள்ளும். அப்படி முன்யோசனை உள்ள குற்றவாளி நான்.

முன்னறை இருட்டாக இருந்தது. பூட்டிய ஜன்னல். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். அக்கா கதிரையைக் காட்டினார். அந்தக் கதிரை.

"நாலு படத்தையும் அனுப்பினனான். ஆனால் பஸ்லியா அக்காவின்ரை மனுசன் இஸ்ஸத் நானா அந்தப் பேஸ்புக் படத்தைப் பாத்திட்டார். வேண்டாம் எண்டுறாராம். அக்காதான், எதுக்கும் நேரிலை போய்ப் பாப்பம் எண்டு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாறா." குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அது இன்னும் மோசம். "நீ நல்லா எழுதுவாய்தானே. அந்தப் பக்கத்துக்காரனுக்கு என்ரை பேரிலை ஒரு மறுமொழி எழுதித் தா. அனுப்புவம்."

உலகத்தில் தனக்கு எதிராகத் தானே எழுதக் கூலி கேட்காத ஒரே எழுத்தாளன் நானாகத்தான் இருக்க வேண்டும். அக்காவின் போனை வாங்கி எழுதினேன். "ஐயா, மற்றவரின் உழைப்பைக் கேலி செய்து புகழ் தேடும் தங்களுக்கு..." என்று தொடங்கி, கோழை, முகமில்லாதவர், மீன் வாங்கத் தெரிந்தவர் ஆனால் மனிதரைத் தெரியாதவர் என்றெல்லாம் எழுதினேன். நன்றாக வந்தது. எழுதும்போதே சில இடங்களில் எனக்குக் கோபம் வந்தது.

அக்கா வாசித்தார். "நல்லாத்தான் எழுதிறாய்," என்றார். அனுப்புவதை அழுத்தினார்.

என் பொக்கற்றில் அசைவு இல்லை. சத்தம் இல்லை. நான் மெதுவாக மூச்சு விட்டேன்.

அக்கா என் பொக்கற்றைப் பார்த்தார். "சத்தம் வராமல் வைச்சுப்போட்டு வந்தனியோ?"

சில கேள்விகளுக்கு விடை முகத்தில் எழுதப்பட்டிருக்கும் என்பார்கள். என் முகத்தில் ஒன்றும் எழுதப்படுவதில்லை என்று இருபத்திரண்டு வருடமாக நம்பியிருந்தேன்.

"எப்ப தெரியும் அக்கா?"

"முதல் நாளே." எழுந்து போய்ச் சுவரைத் தொட்டார். "அந்தப் படத்திலை இந்தச் சுவரிலை வெறும் ஆணிதான் இருக்கு. பெயின்ற் காயட்டும் எண்டு இருதயப் படத்தைக் கழட்டிக் கட்டிலிலை வைச்சனான். ஆறரைச் செபத்துக்கு முதல் திருப்பிக் கொழுவியாச்சு. இருதய ஆண்டவர் இல்லாமல் இந்தச் சுவரைக் கண்டது உலகத்திலை ரெண்டே ரெண்டு பேர். நான் எழுதேல்லை."

நான் ஆணியைப் பார்த்தேன். ஆணியை ஆண்டவர் மறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கேக்கேல்லை?"

"நீயே சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நாலு நாள்." கையைச் சுவரில் இருந்து எடுத்துவிட்டு, "அது கிடக்கட்டும். எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. பட்டப்பகலிலை ஏன்ரா ரியூப் லைற்றைப் போட்டனி?"

அதற்கு என்னிடம் விடை இருந்தது. வெயிலில் அந்த அறை வடிவாக இருந்தது. வடிவாக இருப்பதைப் பற்றி எழுதினால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். ஆகவே வடிவை முதலில் அணைக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்ல வாய் வரவில்லை. செய்த குற்றத்தைச் சொல்லிவிடலாம். பிடித்திருந்தது என்று சொல்வதுதான் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. இப்பவே அழிக்கிறன்."

"அழிக்காதை. அழிச்சால், நான் அழுது குழறி அழிப்பிச்சன் எண்டு அதுக்கும் ஒரு கதை வரும். சனிக்கிழமை வா. அவையளுக்கு முன்னாலை நீ நிண்டால் காணும்."

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர்கள் வந்தார்கள். பஸ்லியா அக்கா வேகமாக நடப்பவர். இஸ்ஸத் நானா மெதுவாக நடந்து, எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்பவர். றொசாந்தி அக்கா ஐந்து நாளைக்குப் பிறகு அந்த ஜன்னலைத் திறந்தார். வெயில் காத்துக்கொண்டு நின்ற மாதிரி உள்ளே வந்தது.

"மாஷா அல்லாஹ்," என்றார் பஸ்லியா அக்கா. சுவருக்குக் கிட்டப் போய் உள்ளங்கையை வைத்தார். "இதைப் பாருங்களே. பேஸ்புக் படத்தில பாத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே."

"ஏனெண்டால் படத்தைக் கெடுத்து எடுத்தது," என்று ஒரு குரல் சொன்னது. அது என் குரல். "நான்தான் எடுத்தது. எழுதினதும் நான்தான். பகலிலை ஜன்னலை மூடி, ரியூப் லைற்றைப் போட்டு எடுத்தனான்."

இஸ்ஸத் நானா என்னை இரண்டு தரம் பார்த்தார். "நீங்களா தம்பி? 'ஐஸ் போடப்படவில்லை' எண்டதை வாசிச்சு நான் தனியா இருந்து சிரிச்சன்."

என் முகம் மலரப் பார்த்தது. அதைத் தடுத்தேன். ஆனால் றொசாந்தி அக்கா கண்டுவிட்டார்.

"அதுதான் தங்கச்சி பிரச்சினை," என்று நானா அக்காவின் பக்கம் திரும்பினார். "நிறம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஊர்ல இந்த நிறத்துல ஒரே ஒரு வீடு. அதுக்குப் பேரும் வச்சாச்சு. ரெண்டாவதா நாங்க அடிச்சா அந்தப் பேரும் எங்க வீட்டுக்குத்தான் வரும். திரும்பி வந்த ஆக்கள் எண்டு எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. அது போதும். வெள்ளை அடிக்கிறதெண்டா எங்கட பழைய பெயின்ற் பாஸ் இருக்கிறார். உங்களைக் கூப்பிட நினைச்சதே இந்த நிறத்துக்காகத்தான்."

"அப்ப மூண்டாவதா அடிச்சா?" என்று பஸ்லியா அக்கா கேட்டார்.

"மூண்டாவதெண்டா அது நாகரிகம். ரெண்டாவதெண்டா அது பைத்தியம். ரெண்டாவது வீடு எங்க?"

றொசாந்தி அக்கா தரையைப் பார்த்தார். கையில் இருந்த துணியை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். அந்த மடிப்பில் யார்ட் தெரிந்தது. கவிழ்த்து வைத்த வள்ளம் தெரிந்தது.

"எங்கடை வீடு," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னைப் பார்த்திருப்பேன், முடிந்திருந்தால்.

"என்ரை அறை. வாற கிழமை அடிக்கிறம். அடுத்த சனிக்கிழமை இதே நேரம் வந்து பாருங்கோ."

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா கோழிக்குஞ்சுகளுக்குத் தீன் வைத்துக்கொண்டிருந்தார். சுன்னாகத்தில் வாங்கி வந்த பதினைந்து குஞ்சு. குசினி மூலையில் ஒரு கடதாசிப் பெட்டிக்குள், சூட்டுக்காக ஒரு மஞ்சள் குண்டு பல்ப்புக்குக் கீழே இருந்தன. சொல்லி முடித்தபோது அம்மா நிமிரவில்லை.

"நான் அதை வாசிச்சுச் சிரிச்சனானெல்லோ," என்றார் கடைசியில். "என்னையும் சேர்த்துப் பாவத்திலை தள்ளிப்போட்டாய் நாயே." பிறகு, "அடிக்கட்டும். ஆனால் கதவைச் சாத்தி வை. சனம் கண்டால் நான் கோவிலுக்குப் போறேல்லை."

அக்கா மிச்சமிருந்த வாளியைக் கொண்டுவந்து, யார்ட் முடிந்த பின்னேரங்களில் என் அறையை அடித்தார். வள்ளத்துக்கு அடிப்பதுபோல் நீளமாக, நிறுத்தாமல், தலைக்கு மேலிருந்து கால்வரை ஒரே இழுப்பு. என்னோடு கதைக்கவில்லை. "கட்டிலைத் தள்ளு." "அங்காலை நில்." அவ்வளவுதான். என் பங்குக்கு மூக்குப்பேணியில் என் சொந்தப் பெயரைப் போட்டு எழுதினேன்: அந்தப் படம் பொய், அந்த அறை நாலரை மணிக்கு வேறு, எனக்கு அது பிடித்திருந்தது. பத்தொன்பது லைக். ஒன்று அம்மாவுடையது. அம்மா மரண அறிவித்தலுக்கும் லைக் போடுகிறவர். ஊர் செவுளை விட்டுவிடவில்லை. இப்போது எனக்கும் அந்தப் பேர் வந்தது. கம்பஸில் என்னைக் கண்டால் காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தூக்கிக் காட்டுவார்கள். பகிடி நன்றாகத்தான் இருந்தது. நான் எழுதியதல்லவா.

சனிக்கிழமை வந்தது. என் அறைக்கும் மேற்கு ஜன்னல் இருந்தது; நாலரை மணிக்கு வெயில் சரியாக விழுமா என்று மூன்று நாள் பார்த்து வைத்திருந்தேன். இன்னொரு காரியமும் செய்தேன். கதிரையில் ஏறி ரியூப் லைற்றைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

நாலரைக்கு அவர்கள் வரவில்லை. ஐந்தரைக்கும் வரவில்லை. வெயில் சுவரில் ஏறி, கூரையைத் தொட்டு, போய்விட்டது. அக்காவின் போன் அடித்தது.

"கலியாண உடுப்புக் கடையில சுணங்கிட்டுது தங்கச்சி. மஃரிப் தொழுதிட்டு வாறம்."

மஃரிப் என்றால் இருட்டு.

வந்தார்கள். அறைக்குள் எதுவும் தெரியவில்லை. இஸ்ஸத் நானா சுவரைத் தடவிச் சுவிச்சைக் கண்டுபிடித்துத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் தட்டினார்.

"கரண்ட் இல்லையோ?"

தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் இருப்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

றொசாந்தி அக்கா மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருட்டிலும் அது தெரிந்தது. "லெனாட். ரியூப் எங்கை?"

முதல்முறை கெடுப்பதற்காக வெளிச்சத்தைப் போட்டேன். இம்முறை காப்பாற்றுவதற்காகக் கழற்றினேன். இரண்டும் ஒரே கை, ஒரே கள்ளம். அதை நான் நினைத்தது அப்போதுதான்.

"கட்டிலுக்குக் கீழை," என்றேன்.

"எடுத்துப் பூட்டு."

"அக்கா..."

"பூட்டடா. ராத்திரியிலையும் அவையள் அந்த வீட்டிலைதானே இருக்கப் போகினம்."

கதிரையில் ஏறினேன். ரியூப் இரண்டு தரம் வழுக்கியது. பூட்டினேன். அது துடித்துத் துடித்து எரிந்தது.

செவுள். சந்தேகமே இல்லை. என் பதிவு முழுக்கப் பொய் இல்லை என்பது அந்த இடத்தில் எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இஸ்ஸத் நானா வாயைப் பொத்தினார், தோள் குலுங்கியது. றொசாந்தி அக்கா சுவரோடு சுவராக நின்றார், முகத்தில் அதே சிவப்பு.

பஸ்லியா அக்கா மட்டும் சுவரைப் பார்க்கவில்லை. தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க? இந்த வெளிச்சத்துல நீங்களும் மூண்டு நாள் மீன் மாதிரித்தான் நிக்கிறீங்க." என் அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, வீட்டில மஞ்சள் பல்ப் ஒண்டும் இல்லையா?"

இருந்தது. ஒன்றே ஒன்று. அம்மா குசினிக்குப் போய்க் குஞ்சுப் பெட்டிக்கு மேலிருந்து அதை வயரோடு கழற்றிக் கொண்டுவந்தார். பதினைந்து குஞ்சும் ஒரே குரலில் எதிர்ப்புத் தெரிவித்தன. அம்மா பல்ப்பைக் கையில் தூக்கிப் பிடிக்க, நான் ரியூப்பை அணைத்தேன்.

நாலரை மணி திரும்பி வந்தது. கொஞ்சம் சின்னதாக, கோழித்தீன் மணத்தோடு. ஆனால் அதேதான்.

 குசினியில் குஞ்சுகள் இன்னும் கத்தின.

"எங்கட வீட்டில முழுக்க மஞ்சள் பல்ப்தான் போடுறதெண்டு இருக்கிறம்," என்றார் பஸ்லியா அக்கா. "ஹோலும் மகளிட அறையும் இந்த நிறம். மற்ற மூண்டு அறையும் இவருக்குப் பிடிச்ச கலர். சரியா?"

இஸ்ஸத் நானா சுவரை இரண்டு தரம் பார்த்தார். "மூண்டாவதுதானே," என்றார். "தங்கச்சி எப்ப தொடங்குவா?"

"திங்கள்," என்றார் றொசாந்தி அக்கா.  பிறகு தெளிவாகத் திரும்பச் சொன்னார். "திங்கக்கிழமை நானா."

அவர்கள் போன பிறகு வேலிவரை அக்காவோடு நடந்தேன். "வேலை முடிய நான் வந்து படம் எடுத்துத் தாறன் அக்கா. வெயில் பாத்து, நல்லா."

"வேண்டாம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பஸ்லியா அக்காவின்ரை மகள் எடுப்பாள்."

வேலியில் இருந்த தகரம் ஒன்றைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

என் அறை இப்போதும் சிவப்பு. அம்மா கட்டிலுக்கு நேரெதிரே ஒரு இருதயப் படம் வாங்கிக் கொழுவியிருக்கிறார், நான் கேட்காமலே. அதன் சிவப்பெல்லாம் சுவரோடு கலந்துவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் கண் இரண்டும்தான் தெரிகிறது. அவர் என்னைப் பார்க்கிறார். நாலரை மணிக்குப் பார்க்கிறார். ரியூப் லைற்றைப் போட்டாலும் பார்க்கிறார், அணைத்தாலும் பார்க்கிறார். வெளிச்சத்தை மாற்றுவதால் அவரிடம் ஒரு மாற்றமும் இல்லை.